முக்குளிப்பான் குஞ்சுகளும் 1798ஆம் வருடத்துக் கவுலும்



சென்ற இதழில், 'பின்பக்கத் தாங்கலைச் சுத்தம் செய்யப் போகிறோம்' என்ற அறிவிப்பைப் பார்த்திருப்பீர்கள். அந்த வேலை சொன்ன தேதியில் நடக்கவில்லை. ஏன் என்று லிஃப்ட்டிலும் பால் பூத்திலும் பலர் என்னைக் கேட்டீர்கள். சிலர் கோபமாகவே கேட்டீர்கள். வாட்ஸ்அப் குழுவில் "பறவை முட்டை இட்டிருக்கிறது" என்று ஒரே வரியில் பதில் போட்டேன். அது யாருக்கும் போதவில்லை. அதனால்தான் இந்தக் கட்டுரை. இதில் நம் மாடியிலிருந்து பார்த்த ஒரு பறவைக் குடும்பத்தின் கதையும் உண்டு, இதே செங்கல்பட்டு மாவட்டத்தில் 200 வருடங்களுக்கு முன்னால் நடந்த ஒரு சங்கதியும் உண்டு. இரண்டும் ஒன்றுக்கொன்று சம்பந்தப்பட்டவை என்பது என் கட்சி. படித்துவிட்டு நீங்களே முடிவு செய்யுங்கள்.

முதலில் ஒன்றை ஒப்புக்கொண்டு விடுகிறேன். நவம்பர் கூட்டத்தில் "கோரை, சம்பு எல்லாவற்றையும் அடியோடு எடுத்துவிட வேண்டும்" என்று முதலில் கை தூக்கியவர்களில் நானும் ஒருவன்.

குப்பை மாதிரி ஒரு கூடு

டிசம்பர் மூன்றாம் வாரம் மொட்டை மாடியில் துணி காயப்போடப் போன என் மனைவிதான் முதலில் கவனித்தாள். சம்புப் புதருக்கு நடுவே தண்ணீரில் ஒரு அழுகல் குவியல் மிதந்தது. "நேற்று அங்கே அது இல்லையே" என்றாள். கொஞ்ச நேரத்தில் அந்தக் குவியலிலிருந்து கோழிக்குஞ்சு பருமனில் ஒரு பழுப்புப் பறவை எழுந்தது. அவசர அவசரமாகச் சுற்றியிருந்த பாசியை அலகால் இழுத்து மேலே போட்டு மூடியது. பிறகு சத்தமில்லாமல் தண்ணீருக்குள் போய்விட்டது. மூடுவதற்குள் நாலு முட்டை தெரிந்தது.

அதுதான் முக்குளிப்பான். நம் தாங்கலில் வருடம் முழுவதும் இருக்கும் பறவைதான். 'வாத்துக் குஞ்சு' என்று நம்மில் பலர் சொல்லிக்கொண்டிருந்தது இதைத்தான். வாத்து இனத்துக்கும் இதற்கும் உறவில்லை. இதன் கால்கள் உடம்பின் பின்கோடியில் இருக்கின்றன. நீருக்குள் முங்கி நீந்த அது வசதி, தரையில் நடக்கத்தான் கஷ்டம். அதனால் கூட்டையும் தண்ணீரிலேயே, நீர்ச்செடிகளைக் குவித்து, ஏதாவது ஒரு தண்டோடு பிணைத்துக் கட்டுகிறது. முட்டை இடும்போது வெள்ளையாக இருக்கும். ஈரப் பாசியால் மூடி மூடிச் சில நாளில் பழுப்பேறிவிடும். ஆணும் பெண்ணும் மாறி மாறி சுமார் 20 நாள் அடைகாக்கும்.

கணக்குப் போட்டோம். ஜனவரி இரண்டாம் வாரம் குஞ்சு பொரிக்கும். ஜே.சி.பி. வரும் தேதி ஜனவரி 5.

டிசம்பர் கடைசியில் கமிட்டியைக் கூட்டினோம். டி பிளாக்கில் மூன்று குழந்தைகளுக்கு டெங்கு வந்து போயிருந்த சமயம். ஒரு தகப்பனார் எழுந்து, "நாலு முட்டைக்காக 180 வீடு கொசுக்கடி படணுமா சார்?" என்று கேட்டார். சரியான கேள்வி. அன்று என்னிடம் பதில் இல்லை. பிப்ரவரி கடைசி வரை தள்ளி வைக்கலாம் என்று ஒரு ஓட்டு வித்தியாசத்தில் முடிவானது. தேதியை மாற்றியதில் கான்ட்ராக்டரிடம் கொடுத்திருந்த அட்வான்ஸில் 4,000 ரூபாய் போனது. அது உங்கள் மெயின்டனன்ஸ் பணம் என்பதால் சொல்ல வேண்டியது என் கடமை.

அந்தக் கேள்விக்குப் பதில் தேடித்தான் வேடந்தாங்கலின் வரலாற்றைப் படிக்க ஆரம்பித்தேன்.

தாங்கல் என்ற சொல்

நம்மில் பலர் ஒரு தடவையாவது குழந்தைகளை வேடந்தாங்கலுக்குக் கூட்டிப்போயிருப்போம். கரைமேல் நடந்து, கோபுரத்தில் ஏறி, 'அதோ கூழைக்கடா, அதோ நாரை' என்று காட்டிவிட்டு, வரும் வழியில் சாப்பிட்டுத் திரும்பியிருப்போம். அந்த ஊர்ப் பெயரிலும் நம் பின்சுவருக்கு அப்பால் இருப்பதற்கும் ஒரே சொல்தான் என்பதை எத்தனை பேர் யோசித்தோம்? மழைநீரைத் தாங்கி நிறுத்தும் சின்ன ஏரிக்குத் தாங்கல் என்று பெயர். பழவந்தாங்கல், ஐயப்பன்தாங்கல் என்று நாம் தினமும் பஸ் போர்டில் படிக்கும் பெயர்களிலும் அது இருக்கிறது. வேடந்தாங்கல் என்ற பெயரை வேடர்களோடு சேர்த்துச் சொல்வது வழக்கம். அப்பகுதி ஒரு காலத்தில் நிலச்சுவான்தார்களின் வேட்டைக்களமாக இருந்தது என்றும் சொல்கிறார்கள். வேட்டையின் பெயரைத் தாங்கிய ஊர்தான் பறவைகளுக்குக் காவலான ஊராக மாறியது.

ஏரி பெரிதல்ல, சுமார் 30 ஹெக்டேர்தான். வடகிழக்குப் பருவமழையில் நிறையும். உள்ளே தண்ணீரில் நிற்கும் நீர்க்கடம்பு மரங்களிலும் கருவேல மரங்களிலும் பறவைகள் கூடு கட்டும். நத்தைகுத்தி நாரை, மஞ்சள் மூக்கு நாரை, கூழைக்கடா, வக்கா, நீர்க்காகம், பாம்புத்தாரா, அரிவாள் மூக்கன், கரண்டிவாயன், கொக்கு வகைகள் எல்லாம் ஒரே மரத்தில் அடுக்குமாடி வைத்துக் குடியிருக்கும். நம்மைப் போலத்தான்.

ஊரார் வாங்கிய கவுல்

1790களில் செங்கல்பட்டுப் பகுதி கிழக்கிந்தியக் கம்பெனியின் ஜாகீர். அதன் கலெக்டர் லயனல் பிளேஸ். கம்பெனிச் சிப்பாய்கள் வேடந்தாங்கல் ஏரிக்கு வந்து பறவைகளைச் சுட்டார்கள் என்றும், ஊர்மக்கள் கலெக்டரிடம் போய் முறையிட்டார்கள் என்றும் அந்த ஊரில் வழிவழியாகச் சொல்கிறார்கள். 1798இல் கலெக்டர் ஊராருக்கு ஒரு கவுல் கொடுத்தார். கவுல் என்றால் எழுத்தில் தரும் உறுதிமொழி. இந்த ஏரியில் பறவைகளை யாரும் சுடக்கூடாது, காக்கும் உரிமை ஊராருடையது என்பது அதன் சாரம்.

இந்தக் கலெக்டரை உங்களுக்கு வேறு ஒரு கதையில் தெரியும். மதுராந்தகம் ஏரிகாத்த ராமர் கோயில் கதை நினைவிருக்கிறதா? மழைக்கு மழை ஏரிக்கரை உடைந்துகொண்டிருந்த காலத்தில், ஒரு பெருமழை இரவில் கலெக்டர் துரை கரையைப் பார்க்கப் போனார். அங்கே வில்லேந்திய இருவர் காவல் நிற்பதைக் கண்டு, தாயார் சன்னிதியைக் கட்டிக் கொடுத்தார் என்பது தலக்கதை. அந்தத் துரை இவர்தான். கதையை நம்புவதும் நம்பாததும் உங்கள் விருப்பம். ஏரிக்கரை உடைந்தால் விளைச்சல் போகும், விளைச்சல் போனால் வரி போகும் என்பது மட்டும் கம்பெனிக்கு நன்றாகவே தெரியும். ஏரி என்பது அன்றைக்கு அழகு பார்க்கும் இடமல்ல. ஒரு ஊரின் சாப்பாடு.

ஊராருக்கும் கணக்கு இருந்தது. பறவைகளின் எச்சம் தண்ணீரில் விழுந்து கரைகிறது. அந்தத் தண்ணீர் மதகு வழியே வயலுக்குப் போகிறது. எரு வாங்காமலே நெல் செழிக்கிறது. அவர்கள் கேட்டது தர்மம் மட்டுமல்ல, தங்கள் வயலுக்கான பாதுகாப்பும்தான். பறவைக்கும் அதில் லாபம் இருந்தது. மரத்தைச் சுற்றித் தண்ணீர் நின்றால் பூனையும் குரங்கும் மனிதனும் கூட்டை நெருங்க முடியாது. ஏரி சீக்கிரம் வற்றினால் கூடுகளுக்கு ஆபத்து. மழை பொய்த்த வருடங்களில் பறவைகள் கூடு கட்ட வருவதே குறைந்துவிடும்.

எனக்கு இதில் முக்கியமாகப் பட்டது, முதலில் போய்க் கேட்டவர்கள் யார் என்பது. காட்டிலாகாவோ சட்டமோ அறிவியலாளரோ அன்று இல்லை. ஏரிக்குப் பக்கத்து வீட்டுக்காரர்கள்தான் கேட்டார்கள். தினமும் பார்த்துக்கொண்டிருந்தவர்களுக்குத்தான் துப்பாக்கிச் சத்தம் எதை அழிக்கிறது என்று தெரிந்தது.

திரும்பத் திரும்ப எழுதிய காகிதம்

ஒரு தடவை கவுல் வாங்கியதோடு விஷயம் முடிந்துவிடவில்லை. 1858இல் அந்த உரிமையைப் புதுப்பிக்க வேண்டியிருந்தது. 1936இல் அரசு வேடந்தாங்கலைச் சரணாலயமாக அங்கீகரித்தது. 1962இல் மெட்ராஸ் வனச் சட்டத்தின் கீழ் வந்தது. 1972இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் பிறந்த பிறகு அதன்படியும் பாதுகாப்பு கிடைத்தது. 1998 அறிவிக்கை ஏரியைச் சுற்றி 5 கி.மீ. வரை எல்லை வகுத்தது. 2020இல் அந்த எல்லையைத் திருத்தும் யோசனை வந்தபோது பெரிய எதிர்ப்பு கிளம்பியது. 2022இல் ராம்சர் பட்டியலில் இடம் கிடைத்தது.

வருடங்களை வரிசையாக அடுக்கியதற்குக் காரணம் இருக்கிறது. ஒவ்வொரு தலைமுறையிலும் ஆட்சி மாறுகிறது, அதிகாரி மாறுகிறார், பழைய வாக்குறுதி யாருக்கும் நினைவில் இருப்பதில்லை. ஒவ்வொரு தடவையும் யாராவது மறுபடி எழுதி வைத்திருக்கிறார்கள். எழுதியதால் 30 ஹெக்டேர் தண்ணீர் இன்றும் இருக்கிறது.

எழுதி வைக்க ஆளில்லாத ஏரிகள் என்ன ஆயின என்று பார்க்க மாம்பலம் பக்கம் போனால் போதும். 1920களில் அங்கே இருந்த நீண்ட ஏரியின் தண்ணீரை வெளியேற்றித்தான் தியாகராய நகரை உருவாக்கினார்கள். மேற்கு மாம்பலத்தில் லேக் வியூ ரோடு இன்றும் உண்டு, ரோட்டிலிருந்து பார்க்க லேக்தான் இல்லை. நுங்கம்பாக்கம் ஏரி இருந்த இடத்தில் வள்ளுவர் கோட்டம் நிற்கிறது. நகரம் வளர இடம் வேண்டும், ஒப்புக்கொள்கிறேன். நம் அடுக்ககமும் ஒரு காலத்து வயல்மீதுதான் நிற்கிறது. ஆனால் அந்த ஏரிகளில் எந்தப் பறவை எந்த மாதம் குஞ்சு பொரித்தது என்று இன்று சொல்ல ஆளில்லை.

ஏழு வாரம்

இனி நம் குடும்பத்துக்கு வருகிறேன்.

ஜனவரி 8 காலை முதல் குஞ்சு வந்தது. 9ஆம் தேதி இன்னொன்று, 10ஆம் தேதி மூன்றாவது. நாலாவது முட்டை பொரியவில்லை. இரண்டு நாள் கழித்துப் பெற்றோர் அதை விட்டுவிட்டன.

சி பிளாக் பிள்ளைகள் ஒரு நோட்டுப் போட்டு, செக்யூரிட்டி அண்ணன் மேஜையில் வைத்துத் தினமும் எழுதினார்கள். அந்த நோட்டைப் பார்த்துத்தான் இதை எழுதுகிறேன். முதல் வாரம் முழுக்க 'அம்மா முதுகில்' என்றே எழுதியிருக்கிறது. உண்மையில் அம்மாவும் அப்பாவும் மாறி மாறித்தான் சுமந்தன. இரண்டையும் தூரத்திலிருந்து பிரித்தறிய முடியாது. குஞ்சின் தலையிலும் கழுத்திலும் அணில் மாதிரி கோடுகள் இருக்கும். பெரிய பறவையின் சிறகுக்குள் உடம்பைச் செருகிக்கொண்டு தலையை மட்டும் வெளியே நீட்டும். சில சமயம் சுமப்பது அப்படியே முங்கிவிடும். அப்போது முதுகிலிருந்த குஞ்சு பந்து மாதிரி மேலே வந்து மிதக்கும்.

ஒரு நாள் பெரிய பறவை தன் இறகையே பிடுங்கிக் குஞ்சுக்கு ஊட்டியதைப் பிள்ளைகள் பார்த்தார்கள். "அங்கிள், பசிக்குது, மீன் இல்லை, அதான் இறகு கொடுக்குது" என்று ஒரு சிறுமி கண் கலங்கினாள். அது பசியால் அல்ல. இந்த இனமே இறகு தின்னும். மீன் முள் குடலைக் கிழிக்காமல் வயிற்றில் இறகு மெத்தைபோல் தங்கிக் காக்கிறது. வீட்டில் குழந்தைக்கு முதலில் குழைந்த சோறு கொடுப்பதுபோல, அங்கே முதலில் இறகு.

ஜனவரி 23. நோட்டில் 'இரண்டுதான் இருக்கு' என்று மட்டும் எழுதியிருக்கிறது. முந்தின நாள் ஒரு பருந்து தாழப் பறந்ததைச் சிலர் பார்த்தார்கள். தாங்கலில் விராலும் தண்ணீர்ப் பாம்பும் உண்டு. எதனால் என்று சொல்ல முடியாது. அடுத்த நாள் மாடிக்குப் பிள்ளைகள் யாரும் வரவில்லை. அதற்கடுத்த நாள் எல்லோரும் வந்தார்கள்.

அதே வாரம்தான் பெரியவை முதுகில் ஏற்ற மறுக்க ஆரம்பித்தன. ஏறினால் உடம்பைச் சிலிர்த்துத் தண்ணீரில் தள்ளிவிடும். பிப்ரவரி முதல் வாரம் குஞ்சுகள் தாமே முங்கின. முதலில் ஒரு நொடி, பிறகு நீங்கள் பத்து எண்ணும் வரை. பிப்ரவரி நடுவில் தலைக்கோடு மங்கியது. கடைசி வாரத்தில் இரை கேட்டு நெருங்கும் பிள்ளைகளைப் பெற்றோரே துரத்தின. அதைப் பார்த்த ஏ பிளாக் மாமி, "நம்மாத்துப் பையனுக்கு முப்பது வயசு ஆறது, நாம இன்னும் துரத்தலையே" என்றார். மாடியே சிரித்தது.

இதற்கிடையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, 14 பேர் வேன் வைத்து வேடந்தாங்கல் போனோம். மத்தியான வெயிலில் நத்தைகுத்தி நாரைகள் சிறகைப் பாதி விரித்துக் குடை மாதிரி நின்றன, நிழல் குஞ்சுகள்மேல் விழும்படி. பெரிய நாரையின் அலகு மூடினாலும் நடுவில் இடைவெளி தெரியும். நத்தையைப் பிடித்துத் தின்ன அப்படி. குஞ்சுகளின் அலகில் அந்த இடைவெளி கிடையாது, வளர வளரத்தான் வரும். நம் பிள்ளைகள் அதை உடனே கண்டுபிடித்துவிட்டார்கள். ஒரு மாதம் ஒரே குடும்பத்தைப் பார்த்துப் பழகிய கண்.

கொசுவுக்குப் பதில்

டி பிளாக் தகப்பனாருக்கு நான் சொல்ல வேண்டிய பதில் பாக்கி இருக்கிறது. டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசு பெரும்பாலும் வீட்டைச் சுற்றித் தேங்கும் சுத்தமான தண்ணீரில்தான் முட்டையிடுகிறது. பூந்தொட்டித் தட்டு, மூடாத டிரம், ஏ.சி. தண்ணீர் விழும் வாளி, மாடியில் கிடக்கும் பழைய டயர் ஆகியவைதான் அதற்குப் பிடித்த இடங்கள். ஜனவரியில் நாம் வீடு வீடாகப் பார்த்தபோது 23 பால்கனிகளில் புழு இருந்தது. அதில் என் பால்கனியும் ஒன்று. தாங்கலில் மீனும் தட்டான் குஞ்சும் முக்குளிப்பானும் புழுவைத் தின்கின்றன, நம் தொட்டித் தட்டில் அதைத் தின்ன எதுவும் இல்லை. அதற்காகத் தாங்கலில் கொசுவே இல்லை என்று சொல்லமாட்டேன். சாக்கடை கலக்கும் கிழக்கு மூலையில் வேறு வகைக் கொசு நிறைய உண்டு. அங்கே சுத்தம் செய்தே ஆக வேண்டும்.

மார்ச் முதல் வாரம் அதைச் செய்தோம். ஆகாயத்தாமரையையும் பிளாஸ்டிக்கையும் எடுத்தோம், கிழக்கு மூலையைத் தூர் வாரினோம். மேற்குப் பக்கச் சம்புப் புதரைத் தொடவில்லை. இளசுகள் இரண்டும் அங்கேதான் இருக்கின்றன.

உங்களிடம் கேட்பது

ஏப்ரல் பொதுக்குழுவில் ஒரு தீர்மானம் கொண்டுவருகிறேன். அதில் மூன்றே வரிதான். தாங்கலில் வேலை தொடங்குமுன் இரண்டு வாரம் மாடியிலிருந்து கூடு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். முட்டையோ, தானே இரை தேடாத குஞ்சோ இருந்தால் அந்தப் பகுதியில் வேலையைத் தள்ளி வைக்க வேண்டும். மேற்குப் புதரை முழுவதும் வெட்டக்கூடாது.

தாங்கல் ஊருக்குச் சொந்தம், நம்முடையதல்ல. அதனால் நம் தீர்மானம் சட்டமாகாது. வேடந்தாங்கல் ஊரார் கையில் இருந்ததும் முதலில் ஒரு காகிதம்தான். இங்கே கமிட்டி இரண்டு வருடத்துக்கு ஒரு முறை மாறுகிறது. வாடகைக்கு இருப்பவர்கள் போகிறார்கள், புதியவர்கள் வருகிறார்கள். இந்த வருடம் ஏன் காத்திருந்தோம் என்பது அடுத்த கமிட்டிக்குத் தெரியாது. மினிட்ஸ் புத்தகத்தில் இருந்தால் தெரியும். அவர்கள் மாற்ற நினைத்தால் மாற்றட்டும். ஆனால் படித்துவிட்டு மாற்றட்டும்.

எதிர்த்து ஓட்டுப் போட நினைப்பவர்களும் அதற்கு முன் ஒரு நாள் காலை ஆறரை மணிக்கு பி பிளாக் மொட்டை மாடிக்கு வாருங்கள். பைனாகுலர் என்னிடம் இருக்கிறது. தயவுசெய்து பிரெட், பொரி எதுவும் தண்ணீரில் போட வேண்டாம். நோட்டு இப்போதும் செக்யூரிட்டி மேஜையில்தான் இருக்கிறது. கடைசிப் பக்கத்தில் மார்ச் 27 தேதியிட்டு ஒரு பிள்ளை எழுதியிருக்கிறது: 'பெரிசு ரெண்டும் பாசி தூக்கிட்டுப் போகுது.'

மறுபடி கூடு கட்டுகின்றன என்று நினைக்கிறேன்.